அண்ணன் தம்பிகளுக்கான நாற்காலி

செஃபனாயா போதகருக்கு ஜெபம் பண்ணவே தெரியாது என்றுதான் வார்டில் முதலில் பேசிக்கொண்டோம். எங்கள் தீவுத் தலைநகர் நுக்குவாலோஃபாவில் ஒரு போதகர் கண்ணை மூடினால் லேசில் திறக்கமாட்டார். ஆதாமில் தொடங்கி ராஜா, பிரபுக்கள், கடலுக்குப் போனவர்கள், நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போனவர்கள் என்று ஒருவரையும் விடாமல் தொட்டு, கடைசியில் நோயாளியிடம் வந்து சேர்வதற்குள் நோயாளி தூங்கிப்போயிருப்பார். இவர் அப்படி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். வெகுநேரம் சும்மாவே இருப்பார். பிறகு, "ஆண்டவரே, இவங்க வலி உமக்குத் தெரியும். கூடவே இரும். ஆமென்" என்பார். அவ்வளவுதான் ஜெபம்.

"இதுக்கா உங்களை ஆக்லாந்து வரைக்கும் அனுப்பிப் படிக்க வச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். நான் கத்தோலிக்கச்சி. வெஸ்லியன் சபைப் போதகரைக் கிண்டல் செய்ய எனக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதோடு பெண்கள் வார்டுக்கு நான்தான் தலைமை நர்ஸ். என் வாய்க்கு டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள்.

அவர் கோபப்படவில்லை. "வாயை மூடிக்கிட்டு உட்காரக் கத்துக்கிறது அவ்வளவு சுலபம் இல்ல லோசா. உனக்கெல்லாம் ரெண்டு வருஷம் பத்தாது" என்றார்.

ஆள் பெரிய உடம்பு. எங்கள் ஊர் மரியாதைப்படி வேட்டிக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றி, அதை ஒரு கயிற்றால் கட்டி, கையில் வேதப்புத்தகத்தோடு தாழ்வாரத்தில் வருவார். வலது செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச்சென்று கத்தும். தைத்துக் கொடுக்கிறோம் என்று வார்டு பையன்கள் எத்தனையோ முறை கேட்டார்கள். தரமாட்டார். தான் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அழுகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும் என்பார். எனக்கு அது பாசாங்காகத் தோன்றியது. பிறகு ஒருநாள், கால் எடுத்த ஒரு மனுஷி அந்தச் சத்தம் கேட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு செருப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவமனையில் சபை அவருக்குக் கொடுத்த வேலை அது. சாகப்போகிறவர்களோடும், சாகமாட்டோமா என்று இருக்கிறவர்களோடும் உட்காருவது. ஊரில் பெரிய கோயில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை பன்றி, கிழங்கு, பாய் என்று வீடு நிறையும். இவருக்கு என்ன கிடைக்கும்? யாராவது மிச்சம் வைத்த சூப். ஆனால் மனுஷர்கள் தங்கள் வீட்டில் சொல்லாததையெல்லாம் இவரிடம் கொட்டினார்கள். அதை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சொல் வெளியே வந்ததில்லை.

வந்த புதிதில் அவர் ஒரு தப்புச் செய்தார். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பையனுக்குக் குரல் உடையும் முன்பே அவனை வீட்டிலிருந்து பிரித்துப் பையன்கள் குடிசையில் படுக்கவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அக்கா தங்கை இருக்கும் அறைக்குள் அவன் கால் வைப்பதில்லை. ஒரே பாயில் உட்காருவதில்லை, அவள் படுக்கையைப் பார்ப்பதில்லை. இதில் விரோதம் ஒன்றும் இல்லை. மரியாதை. எங்களுக்குள் சகோதரிதான் உசத்தி. அவள் சொன்னால் அவன் வீட்டில் அது சட்டம். தூரத்தில் இருந்தே அவளுக்காக உயிரைக் கொடுப்பான். ஆனால் தூரத்தில்தான்.

ஆக்லாந்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. குடும்பத்தைக் கட்டிலைச் சுற்றிக் கூட்டு, சொல்லாததைச் சொல்லவிடு, மனம் ஆறும் என்று. ஃபானே என்று ஒரு பெண் ஈரல் கெட்டுப்போய் எங்கள் வார்டில் கிடந்தாள். அவளுடைய அண்ணன் லிசியாத்தே தினமும் வந்து மாமரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போவான். செஃபனாயா அவனிடம் பேசிப் பேசி, "ஆஸ்பத்திரியில அதெல்லாம் பார்க்கவேண்டாம்ப்பா, அவளுக்கு நாள் இல்ல" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

நான் அங்கேதான் இருந்தேன். ஃபானேயின் உடம்பில் எங்கெங்கோ குழாய்கள். எழுந்து உட்காரவோ, ஆடையைச் சரிசெய்யவோ அவளால் முடியாது. அண்ணனைப் பார்த்ததும் கண் அகல விரிந்தது. அப்புறம் போர்வையை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். லிசியாத்தே ஓடிப்போனான். அதற்குப் பிறகும் அவள் போர்வையை விலக்கவில்லை. நாங்கள் கெஞ்சினோம், அம்மா வந்து கெஞ்சினாள். மாலையில் அதற்குள்ளேயே இறந்துபோனாள்.

அன்று செஃபனாயா மருந்து அறையில் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மறுநாள் கோயிலிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தோளில் சுமந்து வந்து, பெண்கள் வார்டுத் தனியறையின் கதவுக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் போட்டார். அண்ணன் தம்பிகளுக்கான நாற்காலி. மாமரத்தடியில் நிற்கிறவர்கள் அதில் வந்து உட்காரலாம். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் பாதி திறந்தே இருக்கும். உள்ளே பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. சொல்ல வேண்டியதை நர்ஸிடம் சொல்லி அனுப்பலாம். யாரையும் உள்ளே வா என்று அதற்குப் பிறகு அவர் அழைத்ததே இல்லை.

வருஷங்கள் போயின. எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோனார்கள். ஒருநாள் ஹாபாய்த் தீவுகளிலிருந்து வந்த கப்பலில் அவருடைய அக்கா இலைசானேயை ஒரு பலகையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். சர்க்கரை முதலில் கண்ணை எடுத்திருந்தது, பிறகு ஒரு காலை. இப்போது சிறுநீரகம். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தனியறையைக் காட்டினார். அந்த அறை யாருக்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

செஃபனாயா வந்தார். கீச் கீச். கதவுவரை வந்தவர் நின்றார். தானே சுமந்து வந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே இலைசானே தலையைத் திருப்பினாள். "யாரு அது வெளியில? அந்தக் குண்டனா?"

"உங்க தம்பிதான்" என்றேன்.

"அந்தச் செருப்பை இன்னும் தூக்கிப் போடலையா அவன்? ஹாபாய் வரைக்கும் கேக்குது. சபையில சம்பளம்னு ஒண்ணு குடுக்குறாங்களா இல்லையா?"

வெளியே போய்ச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அக்கா ஏதாச்சும் சாப்பிட்டாங்களான்னு கேளு லோசா."

உள்ளே போனேன். "சாப்பிட்டீங்களான்னு கேக்கறார்."

"ஆமா, இந்தக் கஞ்சியைச் சாப்பாடுன்னு சொன்னா சாப்பிட்டேன். அவன் பொண்டாட்டிகிட்ட தேங்காய்ப்பால் ஊத்திச் சேப்பங்கிழங்கு இலை அவிச்சுக் குடுத்தனுப்பச் சொல்லு. சாகப்போறவளுக்குப் பத்தியம் என்ன பத்தியம்!"

"நான் நர்ஸா இல்ல தபால்காரியா?" என்று சத்தம் போட்டேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இரண்டும் ஒரே சிரிப்பு.

அப்படியே நாட்கள் போயின. மற்ற வார்டுகளில் வேலை முடிந்ததும் வந்து உட்காருவார். இலைசானே வேண்டுமென்றே குரலை உயர்த்தி என்னிடம் பேசுவாள், வெளியே கேட்கவேண்டும் என்று. அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பியைத் தூக்கி வளர்த்தது இவள்தான்.

"ஒரே மரப்பட்டைத் துணிக்குள்ளதான் ரெண்டு பேரும் படுப்போம் நர்ஸம்மா. ராத்திரி மொத்தத்தையும் அவன் பக்கம் இழுத்துக்குவான். விடியிறப்ப நான் வெறைச்சுப் போய்க் கிடப்பேன். ஏன்டா இழுத்தேன்னு கேட்டா, 'நான் இழுக்கல அக்கா, துணியே வந்துச்சு'ம்பான். பொய்யைப் பாருங்க! இவன்தான் இப்போ பிரசங்கம் பண்றான்."

வெளியே நாற்காலி குலுங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

"அப்புறம் ஒரு நாள் பெரியப்பா வந்து அவனைப் பையன்கள் குடிசைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்" என்று அவள் தொடர்ந்தாள், குரல் இறங்கியது. "அன்னைக்கு முழுத் துணியும் எனக்கேதான். தூக்கமே வரல."

அதற்குப் பிறகு இவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. அவளுடைய கல்யாணத்தில்கூட அவர் வெளியே அடுப்படியில் பன்றி சுட்டுக்கொண்டிருந்தார்.

மெல்ல மெல்ல அவள் குரல் தேய்ந்தது. முதலில் கத்துவது போயிற்று, பிறகு பேச்சே முணுமுணுப்பாகிவிட்டது. வெளியே இருந்தவர் ஜன்னல் பட்டையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். நான் சொன்னால் பாதியை மறந்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்வார். பொறுமைக்கே பெயர் போன மனுஷன். நோயாளிகளெல்லாம் அவர் தோளில் சாய்ந்து அழுவார்கள். இவர் சாய ஒரு சுவர்தான் இருந்தது.

ஒரு மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் எங்கள் வார்டில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். துணைக்கு இருந்த இலைசானேயின் மகள் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். நான் நாடி பிடித்துப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த நாடிதான், கடைசி நேரத்தில் பல பேரிடம் பார்த்தது. அவள் உதடு அசைந்தது. காதை வாயருகே கொண்டுபோனேன்.

"வெளியில இருக்கானா?"

"இருக்கார்."

"மழை நனைக்குதா அவனை?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார்மேல் என்றும் தெரியவில்லை. வெளியே போய் அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"எழுந்திரிங்க. உள்ளே வாங்க."

"லோசா, அது முடியாது."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது. யாருன்னு சொல்லமாட்டேன். வார்டு ஆளுன்னு சொல்றேன். வாயைத் திறக்காம உட்காருங்க. அதுதானே உங்க படிப்பு?"

"ஃபானேயைப் பாத்தேயில்ல நீ" என்றார். முகம் வெளுத்திருந்தது. "நான்னு தெரிஞ்சுட்டா? கடைசி நேரத்துல அக்காவும் போர்வையை இழுத்து மூடிக்கிட்டா? நான் அதை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"இங்கேயே உட்கார்ந்திருந்தா இதை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக வைத்தார். வெறுங்காலோடு கதவைத் தாண்டினார்.

நான் முன்னால் போய், "அம்மா, வார்டு ஆள் ஒருத்தர் வந்து உங்ககூட உட்காரப் போறார். நான் ஊசி மருந்து எடுக்கணும்" என்றேன். ஊசி மருந்து கையிலேயே இருந்தது. மூலையிலேயே நின்றேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சுகூட விடவில்லை என்று தோன்றியது. இலைசானே அசையாமல் கிடந்தாள். மூக்கு மட்டும் லேசாக விரிந்தது. அவர் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை, இடுப்பில் நனைந்த பாயின் வாசனை, அந்தப் பெரிய உடம்பின் கீழ் நாற்காலி லேசாக முனகியது.

"வார்டு ஆளா?" என்றாள். மழை சற்று ஓய்ந்திருந்தது, கேட்டது.

அவர் தலையை மட்டும் ஆட்டினார், கண் தெரியாதவளுக்கு.

"பேசமாட்டீங்களா? பரவாயில்ல. என் தம்பியும் அப்படித்தான், சும்மா உட்கார்ந்தே சம்பளம் வாங்கறவன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவனைப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. குடிசைக்கு அவனைக் கூட்டிட்டுப் போனப்ப நான் அழுதேன். மரியாதைன்னு வாயை மூடிக்கிட்டேன். இத்தனை காலமும் மூடிக்கிட்டேன். நல்ல அக்காவா இருந்தேன்தானே? அதை மட்டும் அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

செஃபனாயா தன் வேட்டியை முட்டியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணீர் தாடை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது.

அப்போது அவள் கை போர்வையைத் தேடியது. விளிம்பைப் பிடித்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் ஃபானேதான் ஞாபகம் வந்தாள். கடவுளே வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் போர்வையை முகத்துக்கு இழுக்கவில்லை. பக்கவாட்டில் இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு வாங்கி வாங்கி, தன் உடம்பின் மேலிருந்து இழுத்து அதன் பாதியை அவர் முட்டியின் மேல் போட்டாள்.

"நனைஞ்சிருக்கே" என்றாள். "மொத்தத்தையும் இழுத்துக்காதே."

நான் வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

அவள் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. உதட்டோரத்தில் ஒரு குறும்பு. அவள் காத்திருந்தாள். பதில் என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சொல்லுய்யா என்று நான் மனசுக்குள் அலறினேன். அவர் வாய் திறந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி அக்கா மரியாதையைக் காப்பாற்றுகிறாள், தன் குரல் வந்தால் அது உடைந்துவிடும், உடைந்தால் அவள் போர்வையைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டிவரும் என்று பயந்துவிட்டார். இது அவரே பிறகு சொன்னது. வாயை மூடிக்கொண்டு உட்காரப் படித்த மனுஷன், அந்த ஒருமுறையும் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குறும்பு முகத்திலிருந்து போனது. தலை நேராகத் திரும்பியது. அதன் பிறகு அவள் பேசவில்லை. மழை நிற்கும்போது நாடியும் நின்றுவிட்டது.

மகள் சாப்பாட்டோடு வந்தபோது செஃபனாயா வெளியே நாற்காலியில், செருப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

துக்க வீட்டில் அவர் போதகராக நிற்கவில்லை. செத்தவளுக்குத் தம்பி தாழ்ந்த முறை என்பதால், உடம்பை முழுக்க மறைக்கிற பெரிய கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மண்ணில் குழி தோண்டிய அடுப்பில் கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு போதகர் ஆதாமிலிருந்து தொடங்கியிருந்தார். நான் அடுப்படிக்குப் போனேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு லோசா" என்றார், கிழங்கைப் பார்த்தபடி.

"புகையில நிக்காதீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. அதே செருப்பு, அதே குட்டி ஜெபம். ஒன்று மட்டும் மாறியது. நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொரு ஆணிடமும் குனிந்து, "உள்ளே போறதும் போகாததும் உன் இஷ்டம்ப்பா. ஆனா அவ ஏதாச்சும் கேட்டா சத்தமா பதில் சொல்லு. கிண்டல் பண்ணா நீயும் பண்ணு. பதில் சொல்லாம மட்டும் எழுந்து போயிடாதே" என்பார். சில பேர் சங்கடப்பட்டார்கள். சில பேர் ஜன்னல் வழியாகக் கத்திக் கத்திப் பேசி மற்ற நோயாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தார்கள். நான் ஒருவரையும் அடக்கவில்லை.

நான் ஓய்வு பெறும் வருஷத்தில் அவரை ஆண்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். அவருக்குச் சர்க்கரையும் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு போயிருந்தது. யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சபையிலிருந்து போதகர்கள் முறைவைத்து வந்து நீளநீளமாக ஜெபித்தார்கள். அவர்கள் போனதும் நான் என் வார்டிலிருந்து வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டுச் சும்மா உட்காருவேன். அவரிடம் கற்றதுதான்.

ஒரு காலை, மனைவி முகம் கழுவப் போயிருந்த நேரம், போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. எழுந்து அதை இழுத்து அவர் மேல் சரியாகப் போர்த்தினேன். கண்ணைத் திறக்காமலே அவர் கை என் கையைப் பிடித்தது. பல நாளாகப் பேசாத வாய் கோணலாக அசைந்தது. சொல் குழறியது, ஆனால் எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

"நான் இழுக்கல அக்கா" என்றார். "துணியே வந்துச்சு."

சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டே போர்வையின் பாதியை எடுத்து, கட்டிலின் காலியான பக்கத்தில் விரித்துவைத்தேன்.